ஆச்சியின் கையெழுத்து

இரவு இரண்டு மணி இருக்கும். நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனை. பதினொரு வயதுப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். குடல்வால் வீங்கியிருக்கிறது, விடியும்வரை காத்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்மதப் படிவத்தோடு என் அம்மை கவுண்டருக்குப் போனாள்.

"நீங்க பிள்ளைக்கு யாரு?"

"ஆச்சி. அவளுக்க அம்மைக்க அம்மை."

"அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடணும்."

"அம்மை இல்ல. அப்பன் இங்க இல்ல."

"அப்போ அப்பாவுக்கு ஃபோன் போட்டுக் குடுங்க."

ஃபோன் போட்டது நான்தான். ஆறு வருடமாகப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காத மனிதர், தூக்கக் கலக்கத்தில், "சரி, செய்யச் சொல்லுங்க" என்றார். அறுவை நடந்தது, பிள்ளை பிழைத்தாள். அம்மை மட்டும் அந்தப் படிவத்தை மடித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு விடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பல் முளைத்த காய்ச்சலிலிருந்து பள்ளிக்கூட ஆண்டுவிழா வரை ஒன்பது வருடம் பிள்ளையைத் தூக்கிச் சுமந்தவள் அவள். அன்றைக்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு கையெழுத்தைப் போட அவளால் முடியவில்லை.

பிள்ளை என் அக்காளின் மகள். அக்காள் கல்யாணமான நாலாவது வருடம் கணவன் வீட்டில் தீயில் கருகிச் செத்துப்போனாள். ஸ்டவ் வெடித்தது என்றார்கள். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் இறந்தால் நடக்கும் கோட்டாட்சியர் விசாரணை எங்களுக்கும் நடந்தது. அதற்குள் இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களும் கூடிவிட்டார்கள். "கேஸு நடத்தி என்ன கிடைக்கப் போவுது? போனவ வருவாளா? பிள்ளைய வாங்கிட்டுப் போங்க." நாங்களும் தலையாட்டினோம். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுத வேண்டும். முத்திரைத் தாளில் ஒரு பத்திரம் எழுதினார்கள். பிள்ளையைத் தாய்வழி ஆச்சி வளர்ப்பார், தகப்பன் உரிமை கோர மாட்டார், பெண் வீட்டார் வழக்கு எதையும் நடத்த மாட்டார்கள். கீழே எட்டு சாட்சிக் கையெழுத்து. எட்டும் ஆண்களுடையது.

என் அக்காளின் சாவுக்கு விலையாக அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்தோம். அந்தப் பத்திரத்தை நம்பித்தான் ஒன்பது வருடம் தூங்கினோம்.

மருத்துவமனைக்குப் போய்வந்த சில மாதங்களில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. சீதனமாக அக்காள் பேருக்கு எழுதிக் கொடுத்த நிலத்தில் ஒரு பகுதி நான்குவழிச் சாலைக்குப் போயிருந்தது. இழப்பீடு வரப்போகிறது, பிள்ளையும் அதற்கு வாரிசு. மறுமணம் செய்து இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான மனிதருக்கு மூத்த மகள் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் ஓடினோம். அவர் அதைப் படித்துவிட்டு மேசையில் வைத்தார். "இதுக்குச் சட்டத்துல பெரிசா மதிப்பு கிடையாதுங்க."

ஏன் கிடையாது என்பதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு சென்னை வழக்கு இருக்கிறது. 1910இல் நாராயணய்யா என்பவர் தன் இரண்டு மகன்களின் காப்பாளராக அன்னிபெசன்ட் அம்மையாரை எழுத்துமூலம் ஏற்றுக்கொண்டார். மூத்தவர்தான் பிற்பாடு ஜே. கிருஷ்ணமூர்த்தி என்று உலகம் அறிந்தவர். இரண்டு வருடத்தில் தகப்பனார் மனம் மாறி வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் வேறு சட்டக் காரணங்களைச் சொல்லி அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: தகப்பன் தன் காப்பாளர் உரிமையை இன்னொருவருக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட முடியாது, கொடுத்தாலும் திரும்பப் பெறலாம். அன்னிபெசன்ட் போன்ற ஒருவர் கையிலிருந்த கடிதத்துக்கே அந்தக் கதி. தோவாளைத் தாலுகா ஆச்சியின் முத்திரைத் தாள் எம்மாத்திரம்?

சட்டம் என்னதான் சொல்கிறது என்று அன்றிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கக் கோபம்தான் கூடியது.

1956ஆம் வருடத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம். அதன் 6ஆம் பிரிவு, பிள்ளையின் இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவனுக்குப் பிறகு தாய் என்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கலாம் என்று ஒரு சலுகை. பத்து மாதம் சுமந்தவளே இரண்டாவது இடத்தில்தான் நிற்கிறாள். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் ரிசர்வ் வங்கியில் மகன் பெயரில் பத்திரம் வாங்கப்போய், தகப்பன் கையெழுத்துத்தான் வேண்டும் என்று சொல்லப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போனார். 1999இல், 'அவனுக்குப் பிறகு' என்றால் அவன் செத்த பிறகு என்று பொருளில்லை, அவன் பொறுப்பில் இல்லாதபோது என்றும் கொள்ளலாம் என்று நீதிமன்றம் விளக்கம் சொன்னது. 2015இல் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் தாயையும் தகப்பனையும் சமமாக வைக்கும்படி பரிந்துரைத்தது. விளக்கமும் பரிந்துரையும் வந்தன. சட்டப் புத்தகத்தில் 'அவனுக்குப் பிறகு' அப்படியே இருக்கிறது.

தாய்க்கே இந்த நிலை என்றால் ஆச்சி எங்கே? அந்த இயற்கைக் காப்பாளர் பட்டியலில் அவளைத் தேடிப் பாருங்கள், கிடைக்க மாட்டாள்.

ஆனால் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படியுங்கள். 1890ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டத்திலும் இதே விளக்கம்தான். காப்பாளர் என்பவர் யார்? ஒரு சிறாரின் உடலையோ சொத்தையோ தன் பராமரிப்பில் வைத்திருப்பவர். பார்த்துக்கொள்பவர்தான் காப்பாளர் என்று சட்டத்தின் வாசலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் பார்த்துக்கொள்கிறவளுக்கு உட்கார நாற்காலி இல்லை. 11ஆம் பிரிவு, நடைமுறையில் மட்டும் காப்பாளராக இருப்பவர் பிள்ளையின் சொத்தைத் தொடக் கூடாது என்று தடுக்கிறது. 1890 சட்டத்தின் 19ஆம் பிரிவு, தகப்பனோ தாயோ உயிரோடு இருந்து, தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை, வேறொருவரைக் காப்பாளராக நியமிக்க முடியாது என்கிறது. இதில் 'தாய்' என்ற சொல்லைச் சேர்ப்பதற்கே 2010 வரை ஆனது.

அதாவது, ஆச்சி தான் நல்லவள் என்று நிரூபித்தால் போதாது. தகப்பன் கெட்டவன் என்று நிரூபிக்க வேண்டும். பிள்ளைக்குச் சோறூட்டிய ஒன்பது வருடம் சாட்சியாகாது. அவன் வராத ஆறு வருடத்துக்குச் சாட்சி தேட வேண்டும். வராததற்கு யார் ரசீது வைத்திருப்பார்கள்?

அந்த மருத்துவமனை இரவையும் பிற்பாடு சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காகச் செய்யும் காரியத்துக்குக் காப்பாளரோ, பிள்ளையைச் சட்டப்படி பொறுப்பில் வைத்திருக்கும் வேறொருவரோ சம்மதம் தரலாம் என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு சொன்னது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 27ஆம் பிரிவு. பொறுப்பில் வைத்திருப்பவர் என்று சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கவுண்டரில் இருந்தவருக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. அப்பா கையெழுத்து என்பது சட்டத்தையும் தாண்டிய ஒரு பழக்கம். படிவம் அச்சடிப்பவரிலிருந்து பள்ளிக்கூட கிளார்க் வரை எல்லோருக்கும் அது மனப்பாடம்.

இப்படிப் பேசினால் ஊரில் சில பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். "அந்தக் காலத்துல நம்ம நாஞ்சில் நாட்டுல இப்படியா? மருமக்கள்வழியில பிள்ளை அம்மைக்கு உள்ளதுல்லா!" உண்மைதான். நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள்வழி இருந்தது. சொத்து தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது, மாமனிடமிருந்து சகோதரியின் மக்களுக்குப் போகும். பிள்ளை தாய்வழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தகப்பன் வந்து தூக்கிக்கொண்டு போகும் பேச்சே இல்லை.

ஆனால் அந்தக் குடும்பத்தை ஆண்டது யார்? ஆச்சியா? இல்லை, காரணவர். குடும்பத்தின் மூத்த ஆண், தாய்மாமன். சாவி அவர் மடியில், கையெழுத்து அவர் கையில். தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, மருமக்கள்வழி மான்மியத்தில் அந்த முறையை நார் நாராகக் கிழித்தார். கதையைச் சொல்பவள் ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி. கணவன் சொத்து மருமகனுக்கு, மனைவிக்கும் மக்களுக்கும் உகந்துடைமை என்று கிள்ளிக் கொடுப்பது. ஆகவே மருமக்கள்வழியைப் பெண்களின் பொற்காலம் என்று நான் கொண்டாட மாட்டேன். வம்சம் பெண் வழியாக ஓடியது, அதிகாரம் ஆண் வழியாகவே ஓடியது.

கொல்லம் ஆண்டு 1101இல், அதாவது 1926இல், திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. மருமக்கள்வழி மறைந்து மக்கள்வழி வந்தது. மனைவிக்கும் மக்களுக்கும் வாரிசுரிமை கிடைத்தது, நல்லது. முப்பது வருடம் கழித்து, 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்தது. அதே வருடம் ஆகஸ்டில்தான் நான் மேலே சொன்ன இளவர் சட்டமும் வந்தது. என் அம்மையின் ஆச்சி இந்த எல்லா மாற்றங்களையும் பார்த்தவர். அவர் காலத்தில் மாமன் கையெழுத்து, என் அம்மை காலத்தில் அப்பன் கையெழுத்து. இரண்டு காலத்திலும் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவள் ஆச்சிதான்.

இது ஒரு சாதியின் கதையோ ஒரு மதத்தின் கதையோ இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி எங்கள் மாவட்டத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய ஆச்சிமாரும் 1890 சட்டத்தின்படி அதே நீதிமன்றப் படிகளைத்தான் ஏற வேண்டும். முஸ்லிம் தனிச்சட்டம் ஒரு விஷயத்தில் மற்ற சட்டங்களைவிட முன்னே நிற்கிறது: சிறு பிள்ளையை வைத்து வளர்க்கும் உரிமையில் தாய்க்கு அடுத்த இடம் தாயின் தாய்க்கு. நம் நாட்டில் அம்மாவின் அம்மாவுக்குப் பெயர் சொல்லி ஓர் இடம் தந்த சட்டம் என்று எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அங்கேயும் காப்பாளர் என்ற அதிகாரம் தகப்பனிடமே இருக்கிறது. வேலை அவளுக்கு, கையெழுத்து அவனுக்கு.

நீதிமன்றங்கள் எப்போதும் தகப்பன் பக்கம்தான் நிற்கின்றன என்றும் சொல்ல மாட்டேன். பிள்ளையின் நலனே முதன்மை என்று அதே 1956 சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நல்ல தீர்ப்புகள் வந்திருக்கின்றன. 1992இல், மனைவியின் சாவுக்குப் பிறகு கொடுமை வழக்கைச் சந்தித்துக்கொண்டிருந்த தகப்பனிடம் கொடுக்காமல், பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்டு அவர்களைத் தாய்மாமனிடம் விட்டது உச்ச நீதிமன்றம். 2008இல் மேற்கு வங்கத்து வழக்கொன்று, எங்கள் கதையைப் படிப்பதுபோலவே இருந்தது. மகள் வரதட்சணைக் கொடுமையில் செத்துப்போனாள் என்று வழக்கு. தகப்பன் மேல் குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தது. அப்படியும் கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் பையனைத் தகப்பனிடம் கொடுக்கச் சொல்லியிருந்தன, அவன்தானே இயற்கைக் காப்பாளன்! உச்ச நீதிமன்றம் பையனிடம் பேசியது. அவன் தாத்தா பாட்டியோடு இருப்பதாகச் சொன்னான். குற்ற வழக்கு நிலுவையில் இருப்பதைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும் என்று சொல்லி, அவனை அவர்களிடமே விட்டது.

2019இல் இதற்கு நேர்மாறு. மகாராஷ்டிரத்தில் தாய் புற்றுநோயில் இறந்தார். தகப்பன் நோயில் கிடந்த நாட்களில் தாயின் உடன்பிறந்தவர்கள் கைக்குழந்தையை வளர்த்தார்கள். அவர் குணமாகி வந்து கேட்டார், குழந்தை அவரிடம் போனது. அவர் பொறுப்பைத் தட்டிக் கழித்தவரில்லை. ஆகவே முடிவில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. என்னை உறுத்துவது அதற்குச் சொல்லப்பட்ட வழி. இயற்கைக் காப்பாளர் கேட்ட பிறகு சட்ட உரிமை இல்லாத உறவினர் குழந்தையை வைத்திருப்பது சட்டவிரோதக் காவல் போன்றது, ஆட்கொணர்வு மனு செல்லும் என்றார்கள். இரவெல்லாம் விழித்துப் பால் புகட்டியவர்கள் ஆள்கடத்தியவர்கள் நிற்கும் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள்.

2022 ஜூனில் கொரோனாவில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த ஐந்து வயதுப் பையனைப் பற்றிய வழக்கு. குஜராத் உயர் நீதிமன்றம் அவனைச் சித்தியிடம் கொடுத்திருந்தது, சித்திக்கு வயது குறைவு, அரசு வேலை இருக்கிறது என்று காரணம் சொல்லி. எழுபத்தொரு வயதுத் தாத்தாவும் அறுபத்து மூன்று வயதுப் பாட்டியும் மேல்முறையீடு செய்தார்கள். வயதும் வருமானமும் மட்டுமே அளவுகோல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பையனை அவர்களிடம் ஒப்படைத்தது. எங்கள் வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொண்டார். ஆனால் பாருங்கள், எந்த நீதிபதி, எந்த ஊர், எந்த வருடம் என்பதைப் பொறுத்து ஒரே மாதிரி பாட்டிகளுக்கு வேறுவேறு முடிவு. உரிமை என்று எழுதப்படாத இடத்தில் தயவுதான் கிடைக்கும்.

எங்கள் வழக்கில் என் அம்மையைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். அறுபத்து நாலு வயது, விதவை, சர்க்கரை நோயாளி.

"உங்களுக்கு என்ன வருமானம்?"

"பென்ஷன் வருது. ரெண்டு பசு நிக்குது."

"நீங்க செத்துப்போனா பிள்ளை என்ன ஆகும்?"

அம்மை கொஞ்ச நேரம் அந்த வக்கீலையே பார்த்தாள். "அவளுக்க அம்மை செத்தப்போ என்ன ஆச்சோ அதுதான். யாராவது தூக்கி வளக்கணும். அன்னைக்கும் இவரு வரல்ல."

தகப்பனிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறாள், எந்தக் காய் பிடிக்காது, எப்போது வயதுக்கு வந்தாள் என்று கேட்கவில்லை. ஆண்பிள்ளை என்பதே அவருடைய தகுதிச் சான்றிதழ்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். வர வேண்டும். பாட்டிகள் எல்லோரும் தெய்வங்களா? பேத்தி பிறந்தால் முகம் சுளிப்பவளும் பாட்டிதான். மகன் செத்த மறுவாரம், "பேரன் எங்க வம்சம், நீ வேணும்னா போ" என்று மருமகளைத் துரத்துபவளும் பாட்டிதான். நாளைக்குப் பாட்டிகளுக்கு உரிமை என்று சட்டம் வந்தால் அதை முதலில் எடுத்துக்கொண்டு ஓடுவது யார்? விதவை மருமகளிடமிருந்தும் விவாகரத்தான மருமகளிடமிருந்தும் பேரனைப் பிடுங்கப் பார்க்கும் குடும்பங்கள்தானே?

நியாயமான பயம். அதனால்தான் 'பாட்டி உரிமை' என்று நான் கேட்கவில்லை. ரத்தத்தின் பெயரால் கேட்டால் அது அப்பன் உரிமையின் நகலாகிவிடும். நான் கேட்பது வளர்த்தவரின் உரிமை. 2025 ஜனவரியில், மகனைத் தற்கொலையில் இழந்த ஒரு பாட்டி பேரனைக் கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். பையன் தாயிடமே இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. விசாரணையின்போது, குழந்தைக்குப் பாட்டி அந்நியர் என்று நீதிபதி சொன்னது ஊடகங்களில் பெரிய வாக்குவாதமானது. அந்தப் பாட்டியின் துக்கம் பெரிது. அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் கேள்வி சரியான கேள்விதான்: பிள்ளைக்கு உன்னைத் தெரியுமா? என் கோபம் ஒன்றுதான், அந்தக் கேள்வியை ஏன் தகப்பன்களிடம் கேட்பதில்லை? ஆறு வருடம் வராதவன் அந்நியன் இல்லையா?

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆச்சி வளர்ப்பது இலவசமாகக் கிடைக்கும் உழைப்பு. எங்கள் மாவட்டத்தில் மகள் நர்ஸாக வளைகுடாவில், மருமகன் வேறொரு நாட்டில், பிள்ளை ஆச்சியிடம் என்பது தெருவுக்குத் தெரு உள்ள கதை. 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை வீடுகளில் போய்ப் பாருங்கள். முட்டி தேய்ந்த பெண்கள் மறுபடியும் தொட்டில் ஆட்டுகிறார்கள். அதைப் பாசம் என்று பாட்டுக் கட்டுகிறோம். பாசம்தான். கூடவே அது வேலை. ஓய்வெடுக்க வேண்டிய வயதில், சம்பளமும் விடுமுறையும் இல்லாத வேலை. வளர்க்க மாட்டேன், என்னால் முடியவில்லை என்று சொல்லும் உரிமையும் ஒரு பாட்டிக்கு வேண்டும். கேட்காமலே தலையில் கட்டிவிட்டு, பிற்பாடு "நீ யார்?" என்று கேட்பதுதான் அநியாயம்.

அரசுக்கு ஆச்சியைத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கொரோனாவில் இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைகள் உறவினரிடம் வளர்ந்தால் மாதம் 3000 ரூபாய் என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2000 ரூபாய். செலவுக்குக் காசு கொடுக்கும்போது ஆச்சியைக் கண்ணுக்குத் தெரிகிறது. அதிகாரம் கொடுக்கும் இடத்தில் தெரிவதில்லை.

இனி, இந்தக் கட்டுரையைப் படிக்கும் பெண்கள் வீட்டில் எழுதி ஒட்டிவைக்க வேண்டிய சில விஷயங்கள். எங்களுக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் இரண்டு வருடம் நீதிமன்றத்தில் தேய்ந்திருக்க மாட்டோம்.

சண்டை வரும்வரை காத்திருக்காதீர்கள். பிள்ளை உங்களிடம் வந்து நிலைத்துவிட்டது என்றால் 1890 சட்டத்தின்படி காப்பாளராக நியமிக்கக் கோரி மனுப் போடுங்கள். பிள்ளையின் உறவினரோ நண்பரோகூட மனுச் செய்யலாம் என்று 8ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் வழக்கு. ஆகவே தகப்பன் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. அவசரமென்றால் 12ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவு கேட்கலாம். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கேட்கலாம் என்று 17ஆம் பிரிவில் இருக்கிறது. எங்கள் பிள்ளையை நீதிபதி தனி அறையில் கூப்பிட்டுப் பேசினார். உள்ளே என்ன சொன்னாய் என்று இன்றுவரை நாங்கள் கேட்கவில்லை.

வளர்த்ததற்குச் சான்று சேருங்கள். தடுப்பூசி அட்டை, பள்ளிக் கட்டண ரசீது, மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு, பெற்றோர் கூட்டத்தில் போட்ட கையெழுத்து. அம்மை இதையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்திருந்தாள். அந்த டப்பாதான் எங்களைக் காப்பாற்றியது.

வக்கீலுக்குக் காசில்லை என்று பின்வாங்காதீர்கள். 1987ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் உட்பட ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. உதவி எண் 15100. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098.

பிள்ளை ஆச்சியிடம் இருப்பதால் தகப்பனின் செலவுக் கடமை தீர்ந்துவிடாது. பிள்ளையின் சார்பில் ஜீவனாம்சம் கேட்கலாம்.

மகள் கல்யாணமான ஏழு வருடத்துக்குள் இயற்கைக்கு மாறாக இறந்தால், வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6ஆம் பிரிவைப் படியுங்கள். அவளுக்காகக் கொடுத்த சீதனம் முழுவதும் அவள் பிள்ளைகளுக்கு உரியது, பிள்ளை இல்லையென்றால் அவளைப் பெற்றவர்களுக்கு. கணவன் கையில் இருந்தால் அது பிள்ளைக்காக வைத்திருக்கும் பொறுப்புச் சொத்து மட்டுமே. குமரி மாவட்டத்தில் பவுன் கணக்குப் பேசாத கல்யாணம் இல்லை. இந்தப் பிரிவைப் பேசிய ஒரு வீட்டையும் நான் பார்த்ததில்லை. பிள்ளை எங்கே போகிறதோ அங்கே சொத்தும் போகும் என்ற கணக்கில்தான் பல தகப்பன்களுக்குப் பாசம் பிறக்கிறது. அந்தக் கணக்கை உடைக்கும் பிரிவு இது.

விதவையான இந்துத் தாய், தனக்குப் பின் பிள்ளைக்கு யார் காப்பாளர் என்று உயில் எழுதலாம், 1956 சட்டத்தின் 9ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. இரண்டு வரி எழுதிவையுங்கள்.

கடைசியாக, செத்த பெண்ணின் வழக்கை விட்டுக்கொடுத்துப் பிள்ளையை வாங்காதீர்கள். நாங்கள் செய்த பிழை அது. அந்தச் சாவுக்கு வழக்கு நடந்திருந்தால் அதுவே பிள்ளைக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கும். 2008 வழக்கில் அந்தப் பையனுக்குத் துணை நின்றவற்றில் அதுவும் ஒன்று. நாங்கள் வாயை மூடிக்கொண்டதால்தான், ஒன்பது வருடம் கழித்து அந்த மனிதர் எந்தக் கறையும் இல்லாத தகப்பனாக நீதிமன்றத்தில் வந்து நிற்க முடிந்தது.

இவை இருக்கிற சட்டத்துக்குள் தப்பிக்கும் வழிகள். அதோடு நிறுத்திக்கொள்ள நான் தயாராக இல்லை. சட்டம் மாற வேண்டும். 6ஆம் பிரிவின் 'அவனுக்குப் பிறகு' போக வேண்டும். தாயோ தகப்பனோ இல்லாமலோ விலகியோ போன பிள்ளையைத் தொடர்ந்து சில வருடம் வளர்த்தவருக்கு, சட்டப்படியான முதல் இடம் தர வேண்டும். அவரிடமிருந்து பிள்ளையை எடுக்க நினைப்பவர், எடுப்பது ஏன் பிள்ளைக்கு நல்லது என்று நிரூபிக்கட்டும். நிரூபிக்கும் சுமை வளர்த்தவள் தலையில் ஏன்? பள்ளி, மருத்துவமனை, வங்கி எல்லா இடத்திலும் படிவங்கள் மாற வேண்டும். 'பொறுப்பில் வைத்திருப்பவர்' என்று ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு மை செலவாகிவிடும்?

எங்கள் வழக்கு இரண்டு வருடத்தில் முடிந்தது. அம்மை காப்பாளராக நியமிக்கப்பட்டாள். தகப்பன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம். முதல் இரண்டு மாதம் வந்தார். இழப்பீட்டுப் பணத்தில் பிள்ளையின் பங்கு அவள் பெயரில் வங்கியில் போடப்பட்டது என்று தெரிந்த பிறகு வரவில்லை.

தீர்ப்பு நகலை அம்மை லாமினேட் செய்து ரேஷன் கார்டு உறையில் வைத்திருக்கிறாள். பிள்ளைக்குப் பதினாலு வயது. கடையில் சோப்பு வாங்கப் போனாலும் அந்த உறையை எடுத்துக்கொண்டுதான் போகிறாள். "ஏன் அம்மை, சோப்புக்கு எதுக்கு இது?" என்று சிரித்தால், "ஒனக்குத் தெரியாது பிள்ளே, எங்க வச்சு எவன் கேப்பான்னு" என்கிறாள்.

பிள்ளைக்குப் பதினெட்டு முடிய இன்னும் நாலு வருடம். அம்மைக்கு அதுவரை பயம் போகாது. அறுபத்தேழு வயதுப் பெண், தான் வளர்த்த பிள்ளை தன்னுடையது என்று காட்ட மடியில் காகிதத்தோடு அலைய வேண்டிய இந்த நாட்டில், அவளை நான் பயப்படாதே என்று சொல்ல முடியாது.